விசா பின்னால் வரும்: வெளிநாட்டில் மூத்த ஆராய்ச்சிப் பதவி தேடும் முறை

"விசா ஸ்பான்சர் செய்யும் வேலை எங்கே கிடைக்கும்?" என்றுதான் என்னிடம் வருபவர்கள் முதலில் கேட்கிறார்கள். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுக்காவில் தமிழ்வழியில் பள்ளி முடித்து, வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டிக் கோயம்புத்தூரில் முனைவர் பட்டம் வரை படித்து, இன்று நாற்பதை எட்டும் வயதில் பன்னிரண்டு ஆண்டு ஆராய்ச்சி அனுபவத்தோடு இருப்பவர்களும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். படிப்பை முடித்தவுடன் வேலை தேடும் இளைஞருக்கு இது சரியான கேள்வி. மூத்த நிலையில் இருப்பவர் இப்படித் தொடங்கினால், தகுதிக்குக் கீழான பதவிகளின் பட்டியலைத்தான் கையில் வைத்துக்கொண்டிருப்பார். ஆராய்ச்சிக் குழுவை நடத்த ஒருவரைத் தேடும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விசா எடுத்துக் கொடுப்பது வழக்கமான அலுவலக வேலை. அதற்கென்று ஒரு பிரிவே அங்கே இருக்கும். ஆகவே நமக்குப் பொருந்தும் பதவியை முதலில் பிடித்துவிட்டு, அதற்கு எந்த விசா வழி நல்லது என்பதை அடுத்துப் பார்ப்பதே முறை. நான் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் மண் நுண்ணுயிரியல் துறையில் ஒன்பது ஆண்டு வேலை பார்த்துவிட்டுக் கொழிஞ்சாம்பாறைக்குத் திரும்பியவன். என் அனுபவத்தையும், எனக்குப் பின் போனவர்கள் பட்டதையும் வைத்தே இதை எழுதுகிறேன்.

பதவியின் பெயரும் படிநிலையும்

நம் ஊரில் சி.எஸ்.ஐ.ஆர். என்னும் மத்திய அறிவியல் ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வகம் ஒன்றில் 'சீனியர் சயின்டிஸ்ட்' என்றால் அது நிரந்தர அரசுப் பதவி. அதே பெயர் அமெரிக்க மருந்து நிறுவனம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்குப் பின் சில ஆண்டுகளிலேயே கிடைக்கும் இடைநிலைப் பதவியாக இருக்கலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் 'ரிசர்ச் சயின்டிஸ்ட்' என்பது பெரும்பாலும் ஆய்வுத் திட்டத்துக்கென்று கிடைத்த மானியப் பணம் இருக்கும்வரை மட்டும் நீடிப்பது. மானியம் தீர்ந்தால் பதவியும் தீரும். பெயரை விட்டுவிட்டுப் படிநிலையைப் பாருங்கள்.

ஐரோப்பிய ஆணையம் ஆராய்ச்சியாளர்களை ஆர்1 முதல் ஆர்4 வரை நான்காகப் பிரித்திருக்கிறது. ஆர்1 முனைவர் பட்ட மாணவர். ஆர்2 பட்டம் முடித்தும் இன்னும் சுதந்திரமாக ஆய்வு நடத்தத் தொடங்காதவர். ஆர்3 தனக்கென ஆய்வுத் திட்டம் வகுத்து நடத்துபவர். ஆர்4 துறையை முன்னின்று வழிநடத்துபவர். ஆணையத்தின் யூராக்ஸஸ் தளத்தில் வேலை தேடும்போது இந்தப் படிநிலையைத் தேர்ந்தெடுக்க வசதி உண்டு. ஆர்3, ஆர்4 இரண்டை மட்டும் வைத்துத் தேடினால் முனைவர் பட்டம் முடித்தவுடன் சேரும் தற்காலிக ஆய்வுப் பதவியான போஸ்ட்டாக்குக்கு வரும் நூற்றுக்கணக்கான அறிவிப்புகள் கண்ணில் படாமல் ஒதுங்கிவிடும். பிரிட்டனில் சீனியர் ரிசர்ச் ஃபெல்லோ, சீனியர் லெக்சரர், ரீடர் ஆகியவையும், ஆஸ்திரேலியாவில் ஏ முதல் ஈ வரையுள்ள ஐந்து நிலைகளில் சி-யும் அதற்கு மேலும் நமக்குரியவை. ஜெர்மனியில் சம்பள அட்டவணையே அடையாளம்: அறிவிப்பில் ஈ13 என்றிருந்தால் பெரும்பாலும் போஸ்ட்டாக் நிலை, ஈ14, ஈ15 என்றால் பொறுப்பு கூடியது, டபிள்யூ2, டபிள்யூ3 என்றால் பேராசிரியர் பதவி.

அறிவிப்பு வருவதற்கு முன்பே தேடுவது

யூராக்ஸஸ், பிரிட்டனின் ஜாப்ஸ்.ஏசி.யூகே, நேச்சர், சயின்ஸ் இதழ்களின் வேலைவாய்ப்புப் பக்கங்கள், ஜப்பானின் ஜேரெக்-இன் ஆகியவை எல்லோரும் பார்க்கும் இடங்கள். வாரம் ஒரு முறை மின்னஞ்சலில் வரும்படி பதிந்து வைத்தால் அதற்குமேல் அவற்றில் நேரம் செலவிட வேண்டாம். மூத்த பதவிகளுக்கு இதைவிட நல்ல வழி, பணம் எங்கே போகிறது என்று பார்ப்பது. அமெரிக்காவில் என்.ஐ.எச். என்னும் தேசிய சுகாதார நிறுவனம் கொடுக்கும் மானியங்கள் ரிப்போர்ட்டர் என்னும் தரவுத்தளத்திலும், பிரிட்டன் ஆராய்ச்சி மன்றங்களின் மானியங்கள் கேட்வே டு ரிசர்ச் தளத்திலும், ஐரோப்பிய ஒன்றியத்தின் திட்டங்கள் கார்டிஸ் தளத்திலும் யாரும் பார்க்கும்படி இருக்கின்றன. உங்கள் துறையின் சொல் ஒன்றை, நான் செய்ததுபோல 'மண்ணில் பாஸ்பரஸ்' என்பதை, அவற்றில் இட்டுத் தேடிக் கடந்த ஆறு மாதத்தில் தொடங்கிய ஐந்தாண்டுத் திட்டங்களை மட்டும் எடுங்கள். பெரிய மானியம் வாங்கிய பேராசிரியர் அடுத்த சில மாதங்களில் ஆள் எடுத்தே தீர வேண்டும். அறிவிப்பு வெளிவரும்போது உங்கள் பெயர் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பது பெரிய வேறுபாட்டைத் தரும்.

அவருக்கு எழுதும் கடிதம் எட்டு வாக்கியத்தைத் தாண்ட வேண்டாம். முதல் இரண்டில் அவருடைய புதிய திட்டத்தின் எந்தப் பகுதி உங்களுக்குத் தெரிந்த வேலை என்பதைச் சொல்லுங்கள். அடுத்த மூன்றில் அதே சிக்கலை நீங்கள் எங்கே, எந்தக் கருவியைக் கொண்டு, என்ன முடிவோடு தீர்த்தீர்கள் என்று எழுதுங்கள். பிறகு ஒரு கட்டுரையை மட்டும் இணைத்து, அவர் குழுவில் மூத்த பதவி திறக்க வாய்ப்பு உண்டா என்று நேராகக் கேளுங்கள். 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் பொன்னான நேரத்தில்' என்னும் நம்முடைய மனுத் தமிழின் ஆங்கில வடிவம் அங்கே எடுபடாது. விசாவைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு சொல்லும் வேண்டாம். விண்ணப்பப் படிவத்தில் 'ஸ்பான்சர்ஷிப் தேவையா' என்ற கேள்வி வந்தால் மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். அங்கே மறைத்தால் பின்னால் பதவியே போகும்.

நாட்டுக்கு நாடு மாறும் வழி

பிரிட்டனில் வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க உரிமம் பெற்ற ஸ்பான்சர்களின் முழுப் பட்டியலை உள்துறை அலுவலகமே வெளியிடுகிறது. நீங்கள் பார்க்கும் நிறுவனம் அதில் இல்லையென்றால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு நிறுவனம் ஒரு ஸ்பான்சர்ஷிப் சான்று எண் தரும். சில நுட்பத் துறைகளில் இந்தியர்கள் அதற்கு முன் ஏ.டி.ஏ.எஸ். என்னும் பாதுகாப்பு அனுமதியையும் பெற வேண்டும். ஆனால் மூத்தவர்களுக்கு இதைவிட நல்லது குளோபல் டேலண்ட் விசா. ராயல் சொசைட்டி, பிரிட்டிஷ் அகாடமி, ராயல் அகாடமி ஆஃப் எஞ்சினியரிங், அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பான யூ.கே.ஆர்.ஐ. ஆகியவை அறிவியல், கல்வித் துறைகளில் இதற்கு ஒப்புதல் தருகின்றன. அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் ஆராய்ச்சியை வழிநடத்தும் மூத்த பதவிக்குத் தேர்வாகியிருந்தால் அந்த ஒப்புதல் விரைவு வழியில் கிடைக்கும். இந்த விசா ஒரே நிறுவனத்தோடு உங்களைக் கட்டிப்போடாது என்பதும், மூன்று ஆண்டில் நிரந்தர வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம் என்பதும் இதன் பலம்.

செலவை மட்டும் முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். பிரிட்டன் விசாவோடு சேர்த்துக் கட்ட வேண்டிய, 2024 பிப்ரவரியில் உயர்த்தப்பட்ட சுகாதாரக் கட்டணம் பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, பிள்ளைகளுக்கு 776 பவுண்டு. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று நால்வர் மூன்றாண்டு விசாவில் போனால் இது மட்டும் 10,866 பவுண்டு. விண்ணப்பிக்கும்போதே முழுவதையும் கட்ட வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் இதைத் திருப்பித் தருகின்றன, சில கடனாகத் தருகின்றன, சில தருவதே இல்லை. பதவி உறுதியான பிறகு கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

ஜெர்மனியில் ஆராய்ச்சியாளர்களுக்கென்றே குடியிருப்புச் சட்டத்தின் 18டி பிரிவு இருக்கிறது. ஆய்வு நிறுவனம் உங்களோடு ஒரு வரவேற்பு ஒப்பந்தம் செய்துகொண்டால் விசா அதன் அடிப்படையில் வரும். சம்பளம் வரம்பைத் தாண்டினால் உயர்தகுதியினருக்கான வேலை, வசிப்பு அனுமதியான ஐரோப்பிய நீல அட்டையும் எடுக்கலாம். 2025-இல் அந்த வரம்பு ஆண்டுக்கு 48,300 யூரோ, மூத்த பதவிகளின் சம்பளம் இதை எளிதாகத் தாண்டும். வெளிநாட்டுப் பட்டங்களை ஜெர்மனி மதிப்பிடும் அனபின் தரவுத்தளத்தில் உங்கள் பல்கலைக்கழகத்துக்கு எச்+, அதாவது அங்கீகாரம் பெற்றது, என்ற குறி இருக்கிறதா என்று இன்றே பார்த்து வையுங்கள். ஜெர்மனியில் ஏமாந்துபோக ஓர் இடம் உண்டு: பல்கலைக்கழகங்களில் தற்காலிக ஒப்பந்தங்களுக்கு முனைவர் பட்டத்துக்குப் பின் பொதுவாக ஆறு ஆண்டு என்னும் சட்ட வரம்பு இருக்கிறது, மானியப் பணத்தில் நடக்கும் பதவிக்கு மட்டும் விலக்கு. நாற்பது வயதில் குடும்பத்தோடு போய், இரண்டாவது ஒப்பந்தத்தின் முடிவில் வீடு காலி செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பதவி நிரந்தரமானதா, எந்தப் பணத்தில் நடக்கிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பேராசிரியர் பதவிக்கான தேர்வு அங்கே ஓராண்டுக்கு மேலும் இழுக்கும் என்பதால் அதற்கிடையே மற்ற விண்ணப்பங்களை நிறுத்த வேண்டாம்.

அமெரிக்காவைப் பற்றி இப்போது நிதானமாகத்தான் பேச வேண்டியிருக்கிறது. நிறுவனங்கள் வெளிநாட்டு நிபுணர்களை எடுக்கும் எச்-1பி விசாவுக்கு ஆண்டுக்கு 65,000, அமெரிக்க முதுகலைப் பட்டதாரிகளுக்குக் கூடுதலாக 20,000 என்ற உச்சவரம்பும் குலுக்கலும் இருப்பது எல்லோருக்கும் தெரியும். பல்கலைக்கழகங்கள், அவற்றோடு இணைந்த லாப நோக்கற்ற நிறுவனங்கள், அரசு ஆய்வு நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு அந்த வரம்பு கிடையாது, ஆண்டு முழுவதும் மனுச் செய்யலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதே சமயம் 2025 செப்டம்பரில் வந்த அதிபரின் அறிவிப்பு, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான புதிய எச்-1பி மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று வைத்தது. பதவி பேசும்போதே, அந்தத் தொகையின் அன்றைய நிலை என்ன, நிறுவனம் கட்டுமா என்று சர்வதேசப் பிரிவிடம் கேட்டுவிடுங்கள்.

பல்கலைக்கழகம் ஆராய்ச்சியாளர் பரிமாற்றத்துக்கான ஜே-1 விசா தருகிறேன் என்றால் ஐந்து ஆண்டு வரை இருக்கலாம். ஆனால் முடிந்தபின் 24 மாதம் மீண்டும் அதே ஆராய்ச்சியாளர் பிரிவில் வர முடியாது. ஜே-1 முடித்தவர் நாடு திரும்பி இரண்டு ஆண்டு இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை, 'திறன் பட்டியல்' ஒன்றில் உள்ள நாடுகளுக்கு உண்டு; அதிலிருந்து 2024 டிசம்பரில் இந்தியா நீக்கப்பட்டது. அரசுப் பணத்தில் போகிறவர்களுக்கு அந்த நிபந்தனை இன்னும் உண்டு. விருது, மதிப்பாய்வுப் பணி, பிறர் மேற்கோள் காட்டும் கட்டுரைகள் என்று எட்டு அளவுகோல்களில் மூன்றையாவது நிரூபிக்க முடிந்தவர் அசாதாரணத் திறனாளர்களுக்கான ஓ-1 விசாவைக் கேட்டுப் பார்க்கலாம். அதற்கான சான்றுகளை இன்றே ஒரு கோப்பில் சேர்க்கத் தொடங்குங்கள்: எந்த இதழுக்கு எத்தனை கட்டுரை மதிப்பாய்வு செய்தீர்கள் என்ற ஆசிரியர் கடிதம்கூடச் சான்றுதான். அணு, ராக்கெட், உயிரித் தொழில்நுட்பம் போன்ற துறையினருக்குத் தூதரகத்தில் நேர்காணல் முடிந்தும் கூடுதல் பரிசீலனைக்கு விண்ணப்பம் நிற்பதுண்டு. அப்போது கேட்கும் ஆய்வுச் சுருக்கத்தையும் வெளியீட்டுப் பட்டியலையும் கையில் கொண்டுபோவது நல்லது.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜப்பானின் உயர்திறன் விசாவுக்கு 70 புள்ளி வேண்டும். 80 புள்ளி இருந்தால் ஓராண்டிலேயே நிரந்தர வசிப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஆஸ்திரேலியாவில் நிறுவனம் தரும் 482 விசாவோடு, சாதனையாளர்களுக்கான 858 விசாவும் இருக்கிறது. பிரான்சின் தேசிய அறிவியல் ஆராய்ச்சி மையமான சி.என்.ஆர்.எஸ்.-இன் நிரந்தரப் பதவிகளுக்கான ஆண்டுத் தேர்வில் எந்த நாட்டினரும் போட்டியிடலாம். இதை நம்மவர்கள் ஏனோ கண்டுகொள்வதே இல்லை.

எல்லையில் வாழ்பவரின் காகிதச் சிக்கல்

இங்கேதான் சித்தூர், கொழிஞ்சாம்பாறைக்காரர்கள் மற்றவர்களைவிட அதிகம் அலைகிறார்கள். பள்ளிச் சான்றிதழ் கேரளத்தில், பட்டம் தமிழ்நாட்டில். சான்றிதழ் வெளிநாட்டில் செல்லும்படி நம் வெளியுறவு அமைச்சகம் இடும் அப்போஸ்டில் முத்திரையைக் கேட்கும் நாட்டுக்கு, ஒவ்வொரு சான்றிதழையும் அது வழங்கப்பட்ட மாநிலத்தின் அதிகாரிதான் முதலில் சரிபார்க்க வேண்டும். கேரளச் சான்றிதழுக்கு எர்ணாகுளத்திலோ கோழிக்கோட்டிலோ உள்ள, வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான மாநில அரசுத் துறையான நோர்க்காவின் மையம். பாரதியார் பல்கலைக்கழகப் பட்டத்துக்குத் தமிழ்நாட்டின் உயர்கல்வித் துறை வழி. திருமணச் சான்றும் இப்படித்தான்: பெண் பொள்ளாச்சி, மாப்பிள்ளை கேரளத்து நல்லேப்பிள்ளி, தாலி கட்டியது ஆனைமலையில் என்றால் பதிவும் தமிழ்நாட்டில்தான். பழைய பிறப்புச் சான்று மலையாளத்தில் மட்டும் இருந்தால் ஆங்கிலத்தில் புதிதாக எடுத்துவிடுங்கள். கேரள அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயாவில் விவரம் சொல்வார்கள். எல்லா நாடும் அப்போஸ்டில் கேட்பதில்லை என்பதால், கேட்டவர்களுக்கு மட்டும் செய்யுங்கள்.

தூதரக எல்லையையும் கவனியுங்கள். ஜெர்மன் விசாவில் கேரள முகவரிக்காரர் பெங்களூர்த் தூதரகத்தின் கீழும், இரண்டு மைல் தள்ளித் தமிழ்நாட்டில் இருப்பவர் சென்னையின் கீழும் வருகிறார்கள். கோவையில் வாடகை வீடும் கொழிஞ்சாம்பாறையில் பாஸ்போர்ட் முகவரியும் வைத்திருப்பவர் எந்த முகவரியில் விண்ணப்பிப்பது என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்து, எல்லாப் படிவத்திலும் அதையே எழுத வேண்டும்.

பெயர்தான் எல்லாவற்றிலும் பெரிய தலைவலி. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஓர் இனிஷியல், ஆய்வுக் கட்டுரையில் இரண்டு இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் விரித்து எழுதப்பட்டுக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருக்கும். ஜெர்மனியில் நான்கு ஆண்டு என்னை எல்லோரும் என் அப்பா பெயரைச் சொல்லி 'டாக்டர் பழனிச்சாமி' என்றுதான் அழைத்தார்கள். அது சிரிப்போடு போயிற்று. ஆனால் ஒரு தேர்வுக் குழு என் பாஸ்போர்ட் பெயரை வைத்துத் தேடி, என் கட்டுரைகளில் பாதிதான் கண்ணில் பட்டது என்று பின்னர் சொன்னபோது சிரிக்க முடியவில்லை. குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக உள்ள பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா எடுத்தால், இயற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' (இயற்பெயர் தெரியாது) என்று அச்சாகி, அதுவே உங்கள் பெயராக வங்கிக் கணக்கு வரை தொடரும். பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது இரண்டு கட்டத்தையும் நிரப்புங்கள். ஆராய்ச்சியாளருக்குரிய தனி அடையாளமான 16 இலக்க ஆர்க்கிட் எண் ஒன்றை எடுத்து, எல்லாப் பெயர் வடிவங்களிலும் வந்த கட்டுரைகளை அதில் சேர்த்து, சுயவிவரத்தின் முதல் வரியிலேயே அந்த எண்ணை எழுதுங்கள்.

அரசு ஊழியராக இருப்பவர் விண்ணப்பத்தைத் துறை வழியாக அனுப்புவது, விஜிலன்ஸ் அனுமதி, தடையில்லாச் சான்று, பதவி உரிமையை வைத்துக்கொண்டு போவதா ராஜினாமாவா என்ற முடிவு ஆகியவற்றுக்குத் தனியாகக் காலம் ஒதுக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவரின் கோப்பு அவருடைய நிறுவனத்தில் மேசைக்கு மேசை பதினொரு மாதம் நகர்ந்தது. அதற்குள் வெளிநாட்டு மானியத்தின் தொடக்க நாள் கடந்து, பதவி இரண்டாம் இடத்தில் இருந்தவருக்குப் போயிற்று. நேர்காணல் அழைப்பு வந்த நாளிலேயே கோப்பை நகர்த்தத் தொடங்குங்கள்.

நேர்காணலும் பேரமும்

பிரிட்டனில் அறிவிப்போடு வரும் தகுதிப் பட்டியலில் 'அவசியம்', 'விரும்பத்தக்கது' என்று இரண்டு பகுதி இருக்கும். ஒவ்வொரு 'அவசிய'த்துக்கும் ஒரு சான்றோடு வரிசையாகப் பதில் எழுதாத விண்ணப்பம், ஐம்பது கட்டுரை எழுதியவருடையதாக இருந்தாலும் முதல் சல்லடையில் விழுந்துவிடும். இதழ் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகிறது என்று சொல்லும் இம்பாக்ட் ஃபேக்டரை ஒவ்வொரு கட்டுரைக்கும் பக்கத்தில் எழுதும் நம் பழக்கத்தையும் விடுங்கள். ஆராய்ச்சியை அந்த எண்ணால் எடைபோடக் கூடாது என்று 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய டோரா பிரகடனத்தில் கையெழுத்திட்ட நிறுவனங்கள் அதை விரும்புவதில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 'சாக் டாக்' என்று ஒன்று உண்டு: பவர்பாயிண்ட் இல்லாமல், பலகையில் எழுதியபடி, அடுத்த ஐந்தாண்டில் என்ன செய்யப்போகிறீர்கள், எந்த மானியத்துக்கு எழுதுவீர்கள் என்று ஒரு மணி நேரம் சொல்ல வேண்டும், நடுவே எல்லோரும் குறுக்கிட்டுக் கேட்பார்கள். பழைய சாதனையைப் பேசியே பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். போவதற்கு முன் நண்பர்கள் நான்கு பேரை உட்காரவைத்து, வேண்டுமென்றே இடைமறிக்கச் சொல்லி இரண்டு முறை பழகுங்கள்.

பதவி தருகிறோம் என்ற கடிதம் வந்ததும் உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். ஒரு வாரம் கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். விசாக் கட்டணம் யாருடையது, குடும்பத்தின் விமானச் செலவு உண்டா, ஆய்வகத்துக்குத் தொடக்க நிதி எவ்வளவு, மனைவிக்கோ கணவருக்கோ வேலை செய்ய அனுமதி உண்டா என்பவற்றை மின்னஞ்சலில் கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியமானது: பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் துணைவர் வேலைக்குப் போகலாம், அமெரிக்காவில் ஜே-1காரரின் துணைவருக்கான ஜே-2 விசாவினர் அனுமதி கேட்டுப் பெறலாம், எச்-1பிகாரரின் துணைவருக்கான எச்-4 விசாவில் போகிறவர் துணைவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டத்தைத் தாண்டும்வரை பொதுவாகக் காத்திருக்க வேண்டும். அப்பா, அம்மாவைச் சார்ந்திருப்போராக அழைத்துப்போக இந்தப் பிரிட்டன், அமெரிக்க விசாக்களில் வழியில்லை என்பதையும் வீட்டில் முன்பே பேசிவிடுவது நல்லது.

இதற்கெல்லாம் நடுவே ஏஜென்ட் என்று ஒருவர் வந்தால், இந்திய உரிமம் பெற்ற ஆட்சேர்ப்பு முகவரே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தவிர எதையும் வாங்கக் கூடாது என்பது விதி என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். ஆராய்ச்சிப் பதவிக்கு அவருடைய தேவையே இல்லை. தேர்வாகிவிட்டீர்கள், பாதுகாப்புத் தொகை கட்டுங்கள் என்று ஜிமெயில் முகவரியிலிருந்து கடிதம் வந்தால், அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் உள்ள மனிதவளப் பிரிவின் முகவரிக்கு அதை அப்படியே அனுப்பி, இது உங்களுடையதா என்று கேளுங்கள்; பெரும்பாலும் இரண்டு நாளில் பதில் வந்துவிடும்.